மாரியும் கோடையும் வீட்டுத் தோட்டமும்

ஐரோப்பியத் தோட்டக்கலை நூல்கள் ஆண்டினை நான்கு பருவங்களாகப் பகுத்து, இன்ன பருவத்துக்கு இன்ன பயிர் என விதி கூறும். யாழ்ப்பாணக் குடாநாட்டு வளவு ஒன்றிலே அந்தப் பகுப்புச் செல்லாது. அங்கே ஆண்டு இரண்டு கூறாகவே நடைபெறுகிறது. ஒன்று வானம் நீர் தரும் காலம். மற்றையது கிணறு நீர் தரும் காலம். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணர்கின்றது. ஆண்டு முழுவதற்கும் உரிய மழையின் பெரும்பகுதி இம்மூன்று மாதங்களிலேயே பெய்து ஓய்ந்துவிடும். அதன்பின் சித்திரையை அடுத்து இடைக்கிடை பெய்யும் இடிமழையைத் தவிர, அடுத்த ஐப்பசி வரையும் பயிருக்குக் கிணறே துணை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் குடாநாட்டில் இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடி, கோடையில் வெறும் வாய்க்காலாகிவிடுவதே.

இத்தகைய நிலத்தில் வீட்டுத் தோட்டம் செய்பவர் எவரும் தை, மாசி மாதங்களில் நல்ல விளைவு காண்பர். நிலம் ஈரமாக இருக்கும், வெயில் இதமாக இருக்கும், கிணறு நிறைந்திருக்கும். தோட்டத்தின் உண்மையான தேர்வு வேறு இரண்டு காலங்களில் நிகழ்கிறது. கார்த்திகையில் நீர் மிகுந்து பாத்திகள் மூழ்கும். ஆடி, ஆவணியில் நீர் குறைந்து பாத்திகள் வெடிக்கும். இவ்விரண்டு காலத்திலும் சந்தையிலே மரக்கறி விலை ஏறும். கூலிக்கு உழைக்கும் குடும்பத்தின் கறிச்சட்டி மெலியும். ஆகவே, பழைய காலத்து இல்லத்தரசியர் தோட்டத்தைத் திட்டமிட்ட முறை பின்னிருந்து முன்னோக்கியது. கார்த்திகையில் எதைக் கறியாக்குவது, ஆடியில் எதைக் கறியாக்குவது என்பதை முதலில் தீர்மானித்து, அதற்கேற்ப எப்போது நடுவது, எப்போது உலர்த்துவது என்று கணக்கிட்டனர். அந்தக் கணக்கினை விளங்கிக்கொண்டால், வீட்டுத் தோட்டக் கலையின் பெரும்பாகம் விளங்கிவிடும்.

கணக்கின் தொடக்கம் நீர். குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைநீர் அக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி, கடலிலிருந்து உள்ளே ஊறியுள்ள உவர்நீரின் மேலே ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் பாரம் குறைந்தது ஆதலின் இவ்வாறு நிற்க முடிகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால், மேலுள்ள நன்னீர் மெலியக் கீழுள்ள உவர் எழுந்து வரும். உவர் ஏறிய நீரைப் பாய்ச்சினால் பயற்றையும் வெங்காயமும் முதலில் வாடும். துலாவும் பட்டையும் வழங்கிய காலத்தில், ஒருவர் துலா மிதிக்க ஒருவர் பட்டை பிடிக்க நாளொன்றுக்கு இவ்வளவுதான் இறைக்க முடியும் என்ற எல்லை இருந்தது. இறைக்கும் இயந்திரம் பரவியபோது உடல் வருத்தம் நீங்கியது. அத்துடன் கிணற்றுக்கு இருந்த இயற்கையான காவலும் நீங்கியது. இரசாயனப் பசளை மிகுதியாக இடப்பட்ட பகுதிகளில், பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று அளவுக்கு மேல் கலந்திருப்பதையும் ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். குடிப்பதும் பாய்ச்சுவதும் ஒரே கிணற்று நீர் ஆதலின், தோட்டத்தில் இடப்படுவது காலப்போக்கில் குடத்திலும் வந்து சேரும்.

எனவே வீட்டுத் தோட்டத்தின் முதற் பயிர்கள், தனியே இறைக்க வேண்டாத பயிர்களாக இருத்தல் நன்று. கிணற்றடியில் குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் சிறு வாய்க்கால் வழியே வாழைக்குச் செல்லுமாறு அமைப்பது பழைய வழக்கம். வாழை ஒன்றே காய், பூ, தண்டு என மூன்று கறி தரும். இலை உணவு பரிமாற உதவும். கொடியில் நீர் தெறிக்கும் நிழலிடத்தில் வல்லாரை தானாகப் படரும். சவர்க்கார நீர் மிகுதியாகச் செல்லும் இடத்தில் மட்டும் கீரைவகை நடுதல் தகாது. அவ்விடத்தை வாழைக்கே விட்டுவிடல் வேண்டும்.

ஆடி, ஆவணி மாதங்கள் வெளிப்பார்வைக்கு ஓய்வுக் காலம் போலத் தோன்றும். உண்மையில் தோட்டத்தின் ஆண்டு அப்போதுதான் தொடங்குகிறது. வேலியில் நிற்கும் பூவரசு, வாதநாராயணி, சீமைக்கிளுவை ஆகியவற்றின் கிளைகளை வெட்டிக் குழையை எடுத்து, பாத்தி அமையவுள்ள இடத்தில் பள்ளம் தோண்டிப் புதைப்பர். இதனைக் குழை தாழ்த்தல் என்பர். முதல் மழையுடன் குழை உக்கத் தொடங்கும். வலிகாமத்துச் செம்பாட்டு மண் நீரை விரைவாக உள்ளிறக்கும் இயல்புடையது. உக்கிய குழை அதனுடன் கலந்தால், நீரை மண் பிடித்து வைத்திருக்கும் காலம் நீளும். அடுப்புச் சாம்பலும் ஆட்டெருவும் இதனுடன் சேர்க்கப்படும். ஆகவே வேலி என்பது வளவின் எல்லையைக் காட்டுவதோடு நில்லாமல், வளவின் பசளைக் களஞ்சியமாகவும் பயன்பட்டது.

புரட்டாதியில் பயற்றை, வெண்டி, பூசணி ஆகியவற்றின் விதைகள் இடப்படும். மரவள்ளித் தடி நடப்படும். மழைக்குமுன் வேரூன்றிய செடி மழையைத் தாங்கும். மழைக்குள் முளைப்பது பெரும்பாலும் அழுகிவிடும். பாத்திகளை ஓரடி உயரத்துக்கு மேடாக்கி, இடையே நீர் வடியும் கால் வெட்டிவிடுதல் இன்றியமையாதது. கத்தரி, மிளகாய் என்பன வெள்ளத்தைப் பொறுக்கமாட்டா. அவற்றுக்குக் கார்த்திகை, மார்கழியில் மேட்டு நாற்றுமேடை அமைத்துப் பனையோலையால் மறைப்பிட்டு, பெருமழை ஓய்ந்தபின் தையில் நாற்றுப் பிடுங்கி நடுதலே முறை.

இனி முதலாவது வறிய காலம். கார்த்திகை மாதத்து இடைவிடாத மழையில் காய்வகைகள் பூவுதிர்க்கும்; சந்தைக்கு மரக்கறி வருவது குறையும். ஆயின் அதே மழையில் வேலி விழித்துக்கொள்கிறது. கோடை முழுவதும் காய்ந்த கொடியாகக் கிடந்த முசுட்டையும், குறிஞ்சாவும், தூதுவளையும், முடக்கொத்தானும் தளிர்விட்டுக் கிளுவையின் மேலே படர்கின்றன. நட்டவர் ஒருவருமில்லை, நீர் விட்டவரும் இல்லை. மாரிகாலத்துச் சளிக்கும் இருமலுக்கும் தூதுவளை நல்லது என்பது நாட்டு வைத்திய மரபு. முருங்கையில் மட்டும் இக்காலத்தில் மயிர்க்கொட்டி கூட்டமாக மொய்க்கும். தண்டோடு ஒட்டிக் கிடக்கும் போதே அதனை அழித்துவிடாவிடின் மரத்தை மொட்டையாக்கிவிடும்.

இவ்விலைகளைச் சமைக்கும் முறைக்கு வறை என்று பெயர். இலையைக் கழுவியபின்பே அரிதல் வேண்டும். அரிந்தபின் கழுவினால் சத்து நீரோடு போகும். நன்கு பொடியாக அரிந்த இலையுடன் சிறு வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், உப்பு, தேங்காய்ப்பூ ஆகியவற்றைச் சேர்த்து, சூடேறிய மண்சட்டியில் இட்டு அகப்பையால் இடைவிடாது கிளறுவர். தனியே நீர் விடுவதில்லை. இலையின் ஈரமே போதும். சில நிமிடங்களில், பச்சை நிறம் மங்குமுன் இறக்கிவிடுவர். இறக்கியபின்பே தேசிக்காய்ப்புளி விடுவர். இந்த ஒழுங்கு ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. இலையில் உள்ள கரட்டீன் என்னும் பொருள் உடலில் விற்றமின் ஏ ஆக மாறுவது. அது உடலிற் சேர்வதற்குக் கொழுப்பு வேண்டும். தேங்காய்ப்பூ அதனைத் தருகிறது. இலையிலுள்ள இரும்புச்சத்து எளிதிற் சேர்வதன்று. தேசிக்காயிலுள்ள விற்றமின் சி அதனைச் சேர்க்க உதவுகிறது. அந்த விற்றமின் வெப்பத்தில் அழிவது ஆதலின், அடுப்பிலிருந்து இறக்கியபின் புளிவிடும் வழக்கம் மிகவும் பொருத்தமானது. உணவியல் நூல்கள் எழுதப்படுமுன்னரே நாவின் அனுபவத்தால் இம்முறை அமைந்துவிட்டது.

மார்கழி கழிந்து தை பிறந்தால் வளவின் நிறம் மாறும். காலபோக நெல் வீட்டுக்கு வரும். மழையோடு வளர்ந்த பூசணியும் பயற்றையும் காய்த்திருக்கும். சித்திரை, வைகாசியில் நட்டு வேலியிற் படரவிட்ட இராசவள்ளிக் கொடி இலையுதிர்த்து, கிழங்கு முற்றியதை அறிவிக்கும். ஊதா நிறமான அந்தக் கிழங்கை அவித்து மசித்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் களியாகக் காய்ச்சுவது தை, மாசி மாதங்களுக்கே உரிய இனிய உணவு. ஆவணி, புரட்டாதியில் விழுந்த பனம்பழத்தின் விதைகளைப் பாத்தியில் அடுக்கி மண் மூடி வைத்திருந்தால், இக்காலத்தில் பனங்கிழங்கு கிண்டலாம். தையில் நட்ட கத்தரி மாசி கடைசியில் காய்க்கத் தொடங்கும். மழை ஓய்ந்தபின் பூத்த முருங்கையும் காய் தூங்க நிற்கும்.

நிறைந்த காலத்துச் சமையல் எளிமையாக இருக்கலாம். அன்று பறித்த பிஞ்சுக் கத்தரிக்காய்க்கு வெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பால்கறியே போதுமானது. முருங்கைக்காய்க்குச் சரக்குத்தூளிட்ட குழம்பு, பயற்றங்காய்க்கு வதக்கல், மிஞ்சியதைக் கொண்டு சொதி. மரவள்ளியைச் சமைப்பதில் மட்டும் கவனம் தேவை. அதில் நச்சுத்தன்மையுள்ள சயனைட்டு தரும் பொருள் இயற்கையாகவே உண்டு. கிண்டிய அன்றே தோலை முழுவதும் உரித்து, நடுநாரை நீக்கி, நீர் நிறைய விட்டு, பாத்திரத்தை மூடாது அவித்து, அந்த நீரை ஊற்றிவிடல் வேண்டும். நாட்பட்டு நீலம் பாய்ந்த கிழங்கை எறிந்துவிடுவதே நன்று.

ஆனால், தை முதல் சித்திரை வரை பறிப்பது யாவற்றையும் அக்காலத்திலேயே உண்டு முடிக்கும் வீடு, ஆடியில் வெறுங்கையாக நிற்கும். உலர்த்தும் தொழில் இங்கேதான் இடம்பெறுகிறது. பங்குனி, சித்திரை வெயில் உலர்த்துவதற்கென்றே அமைந்தது போன்றது. கத்தரிக்காயையும் பாகற்காயையும் மெல்லியதாக அரிந்து உப்பிட்டு வற்றலாக்குவர். பச்சைமிளகாயைக் கீறி உப்பு மோரில் ஊறவைத்துப் பகலில் உலர்த்துவதும் மாலையில் மீண்டும் மோரில் இடுவதுமாகச் சில நாட்கள் செய்து மோர்மிளகாய் ஆக்குவர். இக்காலத்தில் வேம்பு பூக்கும். மரத்தின்கீழ் பாய் விரித்து உதிர்ந்த பூவைச் சேர்த்து, ஊறவைத்து அரைத்த உழுந்துடன் வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து, தட்டி உலர்த்தினால் வேப்பம்பூ வடகம். பழப்புளியைக் கோது நீக்கி விதை களைந்து உப்புச் சேர்த்துப் பானையில் அடைப்பர். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். பாளை சீவி இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சி ஓலைக் குட்டான்களில் வார்த்தால் பனங்கட்டி.

உலர்த்துவதில் தவறுபவர் பெரும்பாலும் அவசரத்தால் தவறுகின்றனர். உள்ளீரம் சிறிதேனும் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும்; பூஞ்சணம் பிடித்ததைத் தட்டித் துடைத்து உண்ணுதல் ஆபத்து. மாலையிற் பனி இறங்குமுன் உள்ளே எடுத்து, மறுநாள் வெயிலேறியபின் வெளியே இட்டு, வளைத்தால் முறியும் பதம் வரும்வரை உலர்த்துதல் வேண்டும். பின்னரும் ஆடியில் ஒருமுறை வெயில் காட்டி எடுத்தால் வண்டு சேராது. விதைகளுக்கும் இதுவே விதி. முதற் காய்களுள் நல்லதைப் பறிக்காது முற்றவிட்டு, விதையெடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பலிற் கலந்து வைப்பர். கடையில் வாங்கும் கலப்பின விதையின் பயிரிலிருந்து எடுத்த விதை, தாய்ச்செடியின் குணத்தோடு மீண்டும் முளைப்பது உறுதியன்று. ஆதலால் விதைக்கென வேறாக, வழிவழி வந்த நாட்டு இனங்களை ஒவ்வொரு வளவிலும் சிலவேனும் பேணுதல் தக்கது.

வைகாசியிலிருந்து சோளகம் வீசும். காற்றும் வெயிலும் சேர்ந்து மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். பாத்திப் பயிர்களுக்கு மாலையில் மட்டும் நீர் விட்டு, சருகால் மூடி, எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே அறிவுடைமை. இக்காலத்துக்கு உணவளிப்பவை ஆழவேருள்ள மரங்கள். கறுத்தக்கொழும்பானும் அம்பலவியும் பழுக்கும், பலா காய்க்கும், நுங்கு வெட்டலாம், முருங்கை இலைக்குக் குறைவிராது. முருங்கையிலை கல்சியமும் புரதமும் நிறைந்தது. கையளவு பருமனுள்ள கொம்பொன்றை மழைக்குமுன் நட்டுவிட்டால், அடுத்த கோடையிலேயே அது இலை தரும். இடவசதி குறைந்த வளவில் ஒரே மரம் நடலாம் எனில், அது முருங்கையாக இருத்தல் பொருத்தம்.

இரண்டாவது வறிய காலமான இந்த நாட்களின் நடுவே ஆடிப்பிறப்பு வருகின்றது. அன்று அரிசிமா, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி ஆகியவற்றால் இனிய ஆடிக்கூழ் காய்ச்சுவர், கொழுக்கட்டை அவிப்பர். உறைப்பான ஒடியற்கூழோ கோடையின் எந்நாளுக்கும் உரியது. அதன் சேர்மானங்களை உற்று நோக்கினால், ஆண்டு முழுவதும் நடந்த உழைப்பின் கணக்கு அதிலே தெரியும். தையில் கிண்டி மாசியில் உலர்ந்த ஒடியலின் மா, மழைக்குமுன் நட்ட மரவள்ளி, பலாப்பழம் உண்டு சேர்த்த கொட்டை, கிணற்றடிப் பந்தலில் எஞ்சிய பயற்றங்காய், முருங்கையிலை, பங்குனியில் அடைத்த புளி, வெயிலில் உலர்ந்த செத்தல் மிளகாய், இவற்றோடு கடல் தரும் நண்டும் இறாலும் மீன்தலையும். ஒடியல் மாவை முதலில் நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரைப் பலமுறை வடித்துக் கசப்பைப் போக்குதல் அவசியம். ஒரு பிடி அரிசியுடன் காய்களையும் மீன்வகைகளையும் அவித்து, மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டையும் புளியையும் மாக்கரைசலையும் ஊற்றித் துழாவி, தடித்துக் கொதித்ததும் இறக்குவர். பனையோலைப் பிளாவிலோ பலாவிலையிலோ ஊற்றி, வீட்டார் எல்லோரும் சுற்றியிருந்து குடிப்பர். அயலாருக்கும் ஒரு சட்டி போகும்.

இவ்வறிவு பழமையின் அலங்காரமாக மட்டும் கருதத்தக்கதா என்னும் வினாவுக்கு, அண்மைய வரலாறே பதில் கூறுகிறது. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்தில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, குடாநாட்டு வெங்காயமும் மிளகாயும் நாடு முழுவதற்கும் சென்றன. அரிசி அரிதான வீடுகளில் மரவள்ளி உணவாயிற்று. 1990ஆம் ஆண்டின் பின் வடக்குக்குச் செல்லும் பொருள்களுக்குத் தடை வந்தபோது, மண்ணெண்ணெயும் பசளையும் கிடைத்தற்கு அரியவாயின, இயந்திரங்கள் ஓய்ந்தன, குழையும் எருவும் வாளியும் மீண்டும் தொழிலுக்கு வந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர நேர்ந்தது ஐப்பசி மழைக்காலத்திலேயாகும். விதைத்த பாத்திகள் விதைத்தபடியே கிடந்தன. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் உணவு விலை ஏறியபோது, அரசாங்க ஊழியர் வீட்டில் பயிர் செய்யவென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்கும் தீர்மானம் 2022 யூனில் எடுக்கப்பட்டது. விடுமுறையை அரசாங்கம் ஒரு தீர்மானத்தால் அளிக்கலாம். ஆனால் முருங்கை வளர ஓராண்டும், உக்கிய மண் உருவாகப் பல ஆண்டும் வேண்டும். நெருக்கடி வந்தபின் தொடங்கிய தோட்டத்தைவிட, அதற்குமுன்பே இருந்த தோட்டம் பயன் தந்தது.

இன்று அவ்வறிவுக்கு நேர்ந்துள்ள பெரிய இழப்பு வேலியிலே காணப்படுகிறது. கிளுவையும் பூவரசும் நின்ற இடத்தில் சீமெந்து மதில் எழுகின்றது. மதிலால் காவலும் மறைவும் கிடைக்கின்றன. ஆனால் குழை இல்லை, ஆட்டுக்கு இலை இல்லை, இராசவள்ளிக்குக் கொழுகொம்பு இல்லை, கார்த்திகையில் முசுட்டையும் இல்லை. மதில் கட்டியே ஆகவேண்டும் என்னும் வீட்டார், வளவின் பின்புறத்து ஒரு பக்கத்தையேனும் உயிர்வேலியாக விடலாம். அதுவும் இயலாதெனின், மதிலின் உட்புறமாகச் சீமைக்கிளுவைக் கதியால்களை நட்டு, கொடிகளை அவற்றின்மேல் ஏற்றலாம்.

இலங்கையின் பிற பகுதிகளில் மழையின் காலம் வேறு; பயிரும் வேறு. ஆயினும் கணக்கு ஒன்றே. ஈரவலயத்துச் சிங்கள மக்கள் பலாக்காய் மலிந்த காலத்தில் சுளையை அவித்து உலர்த்திச் சேமிப்பர். பலாமரம் நடும் இயக்கத்தை நடத்திய ஆர்தர் வீ. டயஸ் என்பவரை ‘பலா மாமா’ என்று பொருள்படும் பெயரால் நாடு நினைவுகூர்வதும், மரமே பஞ்சத்துக்குக் காப்பு என்பதை அவர் உணர்த்தியமையால் ஆகும்.

புதிதாகத் தொடங்குபவர் பெரிய நிலத்தைத் தேடவேண்டியதில்லை. ஒரு முருங்கை, கிணற்றடியில் இரண்டு வாழை, வேலியோரம் ஓர் இராசவள்ளி, மேடாக்கிய இரண்டு பாத்தி, வற்றல் இடுவதற்கு ஒரு சுளகு ஆகியவை முதலாண்டுக்குப் போதும். கார்த்திகையிலும் ஆடியிலும் அந்த வளவிலிருந்து எத்தனை நாட்களுக்குக் கறி கிடைத்தது என்று நாட்காட்டியிற் குறித்து வைத்து, குறைந்த இடத்தை நிரப்பும் பயிரை மறுவருடம் நடுதல் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் இவ்வாறு குறித்துவரும் குடும்பத்தினர், தங்கள் வளவுக்கு உரிய பஞ்சாங்கத்தைத் தாமே எழுதியவராவர்.